ஒரு பாட்டையும் தள்ளிவிடாத ரசிகர்

முட்டை வேன் வேகமாகத்தான் வந்துகொண்டிருந்தது. டேனியல் நடுரோட்டில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தான்.

பிரேக் போட்ட சத்தத்தில் பெருநகர் ஏரிக்கரைப் புளியமரத்துக் காகங்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. வேன் அவன் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. பின்னால் அட்டைகள் சரிந்து நாலைந்து முட்டைகள் உடைந்தன. கோழிப்பண்ணைக்கும் வேனுக்கும் முதலாளியான கன்னியப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள் டேனியல் இந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி, பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவிட்டிருந்தான்.

"முட்டை, முட்டை, பண்ணை முட்டை. உங்கள் தெருவுக்கே வந்திருக்கிறது" என்று ஒரு பெண் குரல் சொன்னது. பிறகு அதையே மறுபடியும் சொன்னது.

டேனியலின் முகம் விழுந்துவிட்டது.

"வேற பாட்டே போட மாட்டியாண்ணே? சாக்ஸபோனு, இந்த மாதிரி?"

"இந்தப் பாட்டக் கேட்டா ஜனங்க முட்டை வாங்கத்தான் ஓடி வரும். நீ இன்னாடான்னா வண்டிக்கு முன்னால வந்து வுழுற. உனக்கு இன்னாடா கேடு?"

"பண்ணைல? கோழிங்களுக்கு?"

கன்னியப்பன் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார். கோழிகளுக்குத் தான் தீனி மட்டும்தான் போடுவதாகவும், உடைந்த முட்டைகளை வேண்டுமானால் அவன் வீட்டுக்கே கொடுத்தனுப்புவதாகவும் சொல்லி, கீழே இறங்கச் சொன்னார். டேனியல் இறங்கினான்.

மணி ஒன்று இருபது. நான்கு மணிக்குள் அவனுக்கு ஒரு மனிதன் வேண்டும். ஆணோ பெண்ணோ, கிழவனோ குமரியோ, யாராக இருந்தாலும் சரி. அவனுடைய ஆல்பத்தைக் காசு வாங்காமல், மிரட்டப்படாமல், தானாகக் கேட்கும் ஒரே ஒரு மனிதன்.

விஷயம் இதுதான்.

டேனியல் பெருநகர் காலனிக்காரன். வயது முப்பத்து நாலு. அவன் மனைவி பிரிஸ்கில்லாவின் அண்ணன் சாம்சன் நடத்தும் சீயோன் பேண்டு செட்டில் பன்னிரண்டு வருடம் சாக்ஸபோன் ஊதினான். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம். வருடத்துக்கு ஐந்து கல்யாணம், இரண்டு சர்ச் ஊர்வலம், மீதியெல்லாம் சாவு. உத்திரமேரூரைச் சுற்றிலும் யார் வீட்டில் விளக்கு அணைந்தாலும் டேனியலின் போன் அடிக்கும்.

ஒருமுறை சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றில் கல்யாண வரவேற்பு. பேண்டுக்காரர்கள் சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் போகவேண்டும். டேனியல் தெரியாமல் விருந்தாளிகள் போகும் லிஃப்டில் ஏறிவிட்டான். கதவு மூடியது. கூரையிலிருந்து சாக்ஸபோன் கேட்டது.

அப்படியொரு வாசிப்பை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. ஊதியவன் முகத்தைக் காணோம், மூச்சு வாங்குவதுகூடக் கேட்கவில்லை. அதைவிட ஆச்சரியம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். கோட்டும் பட்டும் உடுத்திய எட்டுப் பேர், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாகக் குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். சத்தமாக ஊதுடா என்று யாரும் கத்தவில்லை. குடித்துவிட்டு வந்து தோளில் யாரும் சாயவில்லை. லிஃப்டில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள் என்பது டேனியலுக்குத் தெரியாது. இசைக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டான். காவலாளி பிடித்து வெளியே விடும்வரை பதினோரு முறை மேலும் கீழும் போய் வந்தான். அதற்குப் பெயர் ஸ்மூத் ஜாஸ் என்று அந்தக் காவலாளிதான் சொன்னான்.

சாவுக்கு ஊதுவதை டேனியல் விட்டது வேறு ஒரு நாள். அது பின்னால் வருகிறது.

உத்திரமேரூரில் உரக்கடை மாடியில் இருக்கும் வசந்த்குமாரின் ஸ்டுடியோவில்தான் ஆல்பம் பதிவானது. சுவரெல்லாம் முட்டை அட்டை, கதவுக்கு மெத்தை. ஆடி மாதம் என்பதால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஓயும் நேரம் பார்த்து, கீழே உரமூட்டை இறக்காத நேரம் பார்த்து, கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து வாசித்ததில் ஒன்பது பாட்டுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. நான்காவது பாட்டின் பெயர் 'ஏழாவது மாடி'. லிஃப்டு மெல்ல மேலே போகிற உணர்வை அதில் கொண்டு வந்திருந்தான். வாசித்து முடித்ததும் வசந்த்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உரத்தின் நெடியாகவும் இருக்கலாம்.

அட்டைப்படமும் வசந்த்குமார்தான். அவன் பிழைப்பே ஃபிளெக்ஸ் பேனர். கைவசம் இருந்த டிசைனில் எது நன்றாக ஓடுகிறதோ அதை எடுத்தான். நீல மேகம், இரண்டு வெள்ளைப் புறா, அடியில் ஒரு குத்துவிளக்கு, நடுவில் முட்டை வடிவத்துக்குள் டேனியலின் பாஸ்போர்ட் போட்டோ. 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்த இடத்தில் 'இசை அஞ்சலி' என்று மாற்றினான். பிறந்த தேதிக்கு டேனியலுடையதையும், மறைந்த தேதிக்கு ஆல்பம் வெளியாகும் நாளையும் போட்டான்.

பேருந்து நிலையத்தில் அந்தப் பேனரைக் கட்டிய அன்று காலை, டேனியல் வீட்டுக்குப் பதினோரு பேர் மாலையோடு வந்தார்கள். அவன் வாசலில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து இரண்டு பேருக்கு வருத்தமே வந்துவிட்டது. மாலையை வீணாக்க வேண்டாமென்று அவன் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

பிரிஸ்கில்லா ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். அவள் அதிகம் பேசவில்லை. "ஒரு வருஷம்யா. அடுத்த ஆடிக்குள்ள உன் ஜாசு ஒரு வழிக்கு வரணும். இல்லன்னா எங்கண்ணன் குடுக்கற கோட்டை மாட்டிக்கினு கெளம்பிடணும்" என்றாள். இப்போது நடப்பது அந்த அடுத்த ஆடி.

முதல் எட்டு மாதத்தில் ஆல்பத்தைக் கேட்டவர்கள் நாலு பேர். அதில் மூன்று பேர் டேனியல்.

ஒன்பதாவது மாதம் பூதம் கிளம்பியது. ஒரு நாளில் முன்னூறு முறை. மறுநாள் அறுநூறு. சித்திரை முடிவதற்குள் பத்தாயிரம், ஆடி பிறக்கும்போது நாற்பதாயிரம். சென்னையில் பாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து நிஷா என்ற பெண் போன் செய்தாள்.  அத்தனையும் உத்திரமேரூர்ச் சுற்றுவட்டாரத்தில்தான் கேட்கிறார்களாம். ஒரு நாள் பெருநகர், மறுநாள் புள்ளலூர், அதற்கடுத்த நாள் காவாந்தண்டலம். ஓர் இடத்தில் ஒரு நாள்தான். பாட்டு ஆரம்பித்தால் பதினைந்து மணி நேரம், இருபது மணி நேரம் நிற்பதில்லை. பிறகு சாயங்காலத்துக்கு முன்னால் சட்டென்று நின்றுவிடும்.

"சார், இன்னொண்ணு. யாருமே ஒரு பாட்டைக்கூட ஸ்கிப் பண்ணல. உலகத்துல இப்படி ஒரு ஆடியன்ஸே கெடையாது" என்றாள்.

அவள் கம்பெனித் தலைவருக்கும் அதுதான் உறுத்தியது. இது மனிதர்கள் கேட்பதில்லை, யாரோ மெஷின் வைத்து எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். ஆகவே இன்றைக்கு, ஆகஸ்ட் மாதத்து இந்த வெள்ளிக்கிழமை, நான்கு மணி கெடு. நிஷா நேரில் வருவாள். உண்மையான ரசிகர் ஒருவரையாவது வீடியோவில் காட்டி, படிவத்தில் பெயர் எழுதி வாங்க வேண்டும். காட்டினால் சென்னையில் அசல் ஸ்டுடியோவில் இரண்டாவது ஆல்பம். காட்டாவிட்டால் முதல் ஆல்பத்தையும் நீக்கிவிடுவார்கள்.

நீக்கினால் டேனியலுக்கு மிஞ்சுவது சிவப்புக் கோட்டு.

ஊர் ஊராகப் போகும் ரசிகர் என்றதும் அவனுக்குத் தோன்றியவை மூன்று: மினி பஸ், துணி வியாபாரி, முட்டை வேன். முதல் இரண்டையும் காலையிலேயே பார்த்துவிட்டான். பஸ்ஸில் சினிமாப் பாட்டு. துணி வியாபாரிக்குக் காது கேட்காது.

பைக்கில் ஏறும்போது போன் அதிர்ந்தது. சாம்சன். விடிந்ததிலிருந்து ஏழாவது முறை. எடுத்தால் என்ன சொல்வான் என்று டேனியலுக்குத் தெரியும்: "மாப்ள, இன்னிக்கு ஒரு நாளு மட்டும்." இரண்டு வருடமாக அதே ஒரு நாள்தான். டேனியல் போனை வெட்டினான். சாக்ஸபோன் பெட்டியை சைக்கிள் டியூபால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உத்திரமேரூருக்கு விட்டான். வசந்த்குமார் ஒருவன்தான் பாக்கி.

மாடி ஏறியவன் படியிலேயே நின்றான். நிஷா இரண்டு மணிக்கே வந்துவிட்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கேமரா போன், கக்கத்தில் படிவம். சுவரை ஒட்டி அடுக்கியிருந்த ஃபிளெக்ஸ் பலகைகளை ஒவ்வொன்றாக வியப்போடு பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றிலும் நீல மேகம், இரண்டு புறா, ஒரு முகம்.

"இந்த ஊர்ல இவ்ளோ ஆர்ட்டிஸ்ட்ஸா?" என்றாள்.

"எல்லாம் நம்ம கஸ்டமருங்கதான் மேடம்" என்றான் வசந்த்குமார்.

"இவங்களோட அடுத்த ஆல்பம் எப்போ?"

வசந்த்குமார் பலகைகளைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைக்க ஆரம்பித்தான். டேனியல் குறுக்கே புகுந்து அவனை மூலைக்கு இழுத்துப் போய், சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். என் பாட்டை யாருக்காவது கொடுத்தாயா?

வசந்த்குமார் யோசித்தான். யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் மூன்று நாலு மாதத்துக்கு முன்னால் சப்ளையர்ஸ் சுகுமார் வந்து, இந்த ஆல்பத்தைப் போனில் விடாமல் ஓட வைப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனானாம்.

டேனியலுக்கு உச்சந்தலையில் ஒரு விளக்கு எரிந்தது.

சுகுமாரை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. நாற்காலி, ஷாமியானா, ஜெனரேட்டர், அண்டா, குண்டா, மைக் செட்டு, விசேஷத்துக்கு வேண்டியது எதுவானாலும் வாடகைக்கு அவன்தான். விசேஷம் ஓர் ஊரில் ஒரு நாள்தானே நடக்கும்? மறுநாள் சாமான் வேறு ஊருக்குப் போகும். எல்லாம் பொருந்திவிட்டது. தன் இசை விருந்துகளில் ஒலிக்கிறது. ஜனங்கள் பந்தியில் உட்கார்ந்து, தலையை லேசாகக் குனிந்து, ஸ்மூத் ஜாஸ் கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஓட்டல் லிஃப்டு உத்திரமேரூருக்கே வந்துவிட்டது.

சுகுமாருக்குப் போன் போட்டான். பின்னணியில் நாற்காலிகள் இறங்கும் சத்தம்.

"உன் பாட்டாண்ணே? அது இல்லாம இப்ப எவனும் ஆர்டரே குடுக்கறதில்ல. காவாந்தண்டலத்துல வெங்கடேசன் வூட்ல நேத்து ராவு எட்டு மணிக்குப் போட்டது, இன்னும் ஓடிக்கினு கீது. நாலு மணிக்குள்ள வந்துடு, அப்பறம் எடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு, யாரையோ இந்தப் பக்கம் போடு என்று அதட்டியபடி வைத்துவிட்டான்.

நிஷா கையிலிருந்த போனைப் பார்த்தாள். இந்த நிமிடத்தில் டேனியலின் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்: ஒருவர். தொடங்கியது: நேற்று இரவு எட்டு மணி.

"அவரேதான் சார். போலாம் வாங்க."

 வெங்கடேசன் வீடு என்றதும் டேனியலின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

காவாந்தண்டலத்தில் இருபது ஏக்கர் நஞ்சைக்காரர் வெங்கடேசன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் அப்பா இறந்தபோது சீயோன் பேண்டு செட் காலை எட்டு மணிக்கே போய்விட்டது. பேண்டுக்காரர்கள் நிற்கும் இடம் தெருச் சாக்கடைக்கு அந்தப் பக்கம். அது யாரும் எழுதி வைத்த சட்டமல்ல, எல்லோருக்கும் தெரியும். சித்திரை வெயிலில் நாலு மணி நேரம் வாசித்துவிட்டு டேனியல் தண்ணீர் கேட்டான். காகிதக் கப்பில் கொண்டு வந்து சாக்கடைக்கு மேலாகக் கையை நீட்டினார்கள். பாதி தண்ணீர் வழியிலேயே கொட்டிவிட்டது. அவன் அந்த இடத்திலேயே கோட்டைக் கழற்றி மடித்து சாம்சனிடம் கொடுத்தான். இனி சாவுக்கு ஊதுவதில்லை என்று சொன்னான். பையன் கோபத்தில் பேசுகிறான் என்று சாம்சன் நினைத்தான். இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த வீட்டில் இப்போது அவன் ஆல்பம்.

"வாங்க சார், டைம் ஆகுது" என்றாள் நிஷா.

காரில் போகும்போது அவளே கேட்டாள், கல்யாண வீடா என்று. ஆடியில் கல்யாணம் ஏது, காதுகுத்தாக இருக்கும், இல்லாவிட்டால் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக இருக்கும் என்றான் டேனியல். அவன் மனம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வெங்கடேசன் தன்னை எப்படி வரவேற்பார்? வாப்பா என்பாரா, வாடா என்பாரா? போன் மறுபடியும் அதிர்ந்தது. சாம்சன், எட்டாவது முறை. வெட்டினான்.

காவாந்தண்டலத்தில் தெரு முனையிலேயே பைக்குகளும் டிராக்டர்களும் வழியை அடைத்து நின்றன. கார் நுழையாது. டேனியல் யோசிக்கவேயில்லை, பழக்கம்தான், வயல் வரப்பில் இறங்கி வீட்டின் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனான். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, நிஷா அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கிணற்றடி வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

மூன்றாவது பாட்டு, 'செய்யாற்றுக் காற்று'. வீட்டுக்குள்ளிருந்து தெளிவாகக் கேட்டது. இரண்டாவது சரணத்தில் மூச்சு சற்றுத் தடுமாறும் இடம், கீழே உரமூட்டையைத் தொப்பென்று போட்ட சத்தம் லேசாகச் சேர்ந்துகொண்ட இடம், எல்லாம் அப்படியே. டேனியலுக்குத் தோளிலிருந்து முழங்கைவரை மயிர் சிலிர்த்தது.

நிஷா கேமராவை உயர்த்தினாள். கொல்லையில் பாயைப் போட்டு இருபது இருபத்தைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. பலருக்குக் கண்கள் வீங்கியிருந்தன. சாக்ஸபோன் உச்சத்துக்கு ஏறியபோது ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்தில் இருந்தவள் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"மை காட்" என்றாள் நிஷா கிசுகிசுப்பாக. உடனே தன் தலைவரை வீடியோவில் அழைத்து அந்தக் காட்சியைக் காட்டினாள். மனிதர்களா என்று அவர் கேட்டார். மனிதர்கள்தான், அழுகிறார்கள் என்றாள். ஜாஸுக்கா என்றார். ஜாஸுக்குத்தான் சார் என்றாள். 

டேனியல் அதையெல்லாம் கேட்கவில்லை. அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை ஜனம் கூடிய வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாம்பல் ஆறிக் கிடந்தது. வீட்டின் பக்கவாட்டு சந்து வழியாக முன்தெரு ஒரு துண்டு தெரிந்தது. அங்கே சாக்கடைக்கு அந்தப் பக்கம், வேப்பமர நிழலில் ஐந்து சிவப்புக் கோட்டுகள் உட்கார்ந்திருந்தன. நடுவில் சாம்சன். அவன் காதில் போனை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பி, டேனியலைப் பார்த்து, போனை மெல்லக் கீழே இறக்கினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. இத்தைச் சொல்லத்தானே எட்டு முறை கூப்பிட்டேன் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

சாவு வீடு.

டேனியல் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் தலைவரின் குரல் நிஷாவின் போனிலிருந்து கறாராக வந்துகொண்டிருந்தது. அழுகிறவர்கள் ஆயிரம் காரணத்துக்கு அழுவார்கள், அது சாட்சி ஆகாது. பத்தொன்பது மணி நேரமாக நிறுத்தாமல் கேட்கும் அந்த ஒருத்தர் யார்? அவரைக் காட்டுங்கள். நான் லைனிலேயே இருக்கிறேன்.

நிஷா டேனியலைப் பார்த்தாள். டேனியல் நினைத்துப் பார்த்தான். சாவு வீடுதான், ஆனாலும் கேட்பது மனிதன்தானே? துக்கத்தில் இருக்கும் பேரனோ மருமகளோ விடிய விடியத் தன் பாட்டைக் கேட்டு ஆறுதல் தேடியிருந்தால் அதைவிடப் பெரிய ரசிகர் யார்? சாவுக்குத்தான் ஊதமாட்டேன் என்றான். சாவு வீட்டில் உயிரோடு இருப்பவர்கள் கேட்கக்கூடாது என்று சொல்லவில்லையே.

அதற்குள் வெங்கடேசன் கொல்லைக்கு வந்துவிட்டார். தோளில் துண்டு, நாலு நாள் தாடி. முதலில் டேனியலைப் பார்த்தபோது புருவம் சுருங்கியது. பிறகு நிஷாவின் அடையாள அட்டை, கேமரா போன் இரண்டும் கண்ணில் பட்டன. கை தானாகப் போய்த் துண்டைச் சரிசெய்தது.

"டிவிலேர்ந்தா?" என்றார்.

சென்னையிலிருந்து, மியூசிக் கம்பெனி என்றாள் நிஷா. வெங்கடேசனுக்கு அது போதுமாக இருந்தது. கேமராவுக்கு முகம் தெரியும்படி நின்றுகொண்டு டேனியலின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாப்பா டேனியலு. உன் பேனரைப் பஸ் ஸ்டாண்டுல பாத்தப்பவே நெனச்சேன், இதுக்குன்னே பண்ண பாட்டுன்னு. அதுவும் அந்த நாலாவது இருக்குதே, அப்படியே ஜீவன் மேல போறது தெரியுது. சுகுமாருகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், எங்கூட்டுக்கு வேற பாட்டு வேணாம்னு."

டேனியலின் பார்வை சந்து வழியாகத் தெரிந்த சிவப்புக் கோட்டுகளின் பக்கம் போனது.

"நீ இனிமே வரமாட்டேன்னு சாம்சன் சொன்னான். அதனால இன்னா, நீ வரலன்னா உன் வாசிப்பு வந்துடுது. வெயில்ல நிக்க வைக்கற பேஜாரு இல்ல, தண்ணி குடுக்கற பேஜாரு இல்ல. ஒரு விதத்துல இதான் சவுகரியம். உள்ள வா."

டேனியலின் கால் நிலைப்படிக்கு முன்னால் தானாக நின்றது. பன்னிரண்டு வருடம் பழகிய கால். வெங்கடேசன் கேமராவை ஒரு முறை பார்த்துக்கொண்டு மணிக்கட்டைச் சற்று இழுத்தார். டேனியல் படியைத் தாண்டினான். தாண்டியபிறகு, ஆஹா, உள்ளே வந்துவிட்டோம் என்று நினைக்கக்கூட நேரமில்லை. 'ஏழாவது மாடி' ஆரம்பித்துவிட்டது.

கூடம் பெரியது. சுவரோரமாக உறவுக்காரர்கள், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாகக் குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். ஓட்டல் லிஃப்டில் நின்றவர்களைப் போலவே.  ஆனால் ஒலிபெருக்கியைத்தான் காணோம். சுவரில் இல்லை, மூலையில் இல்லை. யார் கையிலும் போன் இல்லை, யார் காதிலும் எதுவும் இல்லை. பாட்டு மட்டும் தரைமட்டத்திலிருந்து பொங்கிக்கொண்டிருந்தது.

நிஷா படிவத்தைப் பிரித்தாள். ரசிகர் பெயர். வயது. ஊர். கேட்ட நேரம். தள்ளிவிட்ட பாட்டுகள். பேனாவைத் திறந்துகொண்டு, அந்த ரசிகர் எங்கே என்று மெதுவாகக் கேட்டாள்.

கூட்டத்துக்கு நடுவில், தரையில் குந்தி ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சுகுமார் தலையைத் தூக்கினான். டேனியலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. இடம் பார்த்து அதை அடக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"வந்துட்டியாண்ணே. எங்கிட்ட கீற பன்னெண்டுலயும் அடில ஒரு பழைய போனும் ஸ்பீக்கரும் வச்சி மாட்டிட்டேன். பிளக்கை சொருகனா கூலிங்கும் உன் பாட்டும் ஒண்ணா ஸ்டார்ட் ஆவும். எடுக்கறப்பதான் நிக்கும். பென் டிரைவு வச்சா வர்றவன் எவனாவது உருவிக்கினு பூட்றான், அதான் ஆன்லைனு."

நிஷாவின் கையிலிருந்த போனில் தலைவர் பொறுமையிழந்து கேட்டார்: "காட்டுங்க நிஷா. மனுஷனா, மெஷினா?"

நிஷா கேமராவை மெல்லத் திருப்பினாள். சுகுமார் எழுந்து விலகினான். அவனுக்குப் பின்னால் கூடத்தின் நடுவில் நீளமாக ஓர் ஐஸ் பெட்டி, அதன் அடியில் நீல விளக்கு. கண்ணாடி மூடிக்குக் கீழே, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயத்தோடு, வெங்கடேசனின் தாயார் செல்லம்மாள், வயது எண்பத்திரண்டு, நேற்று இரவு எட்டு மணியிலிருந்து ஒரு பாட்டையும் தள்ளிவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.